சல்லடைக் கட்டி

அத்தியாயம் ஐந்து

“அறை பெருசுன்னு சொன்னாங்க சார். பெருசா இருக்கறது ஃபோட்டோ மட்டும்தான்” என்றாள் ஊசி. குரலைத் தாழ்த்திப் பேசும் பழக்கம் அவளுக்குக் கிடையாது.

சுவர் முழுக்க சீஃப். பூங்கொத்தோடு சீஃப், கேடயத்தோடு சீஃப், யாரோ ஒரு மந்திரியின் தோளோடு தோள் உரசிக்கொண்டு சீஃப். எல்லாப் படத்திலும் மற்றவர்கள் சீஃபைப் பார்த்துக்கொண்டிருக்க, சீஃப் மட்டும் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கொஞ்ச நேரம் வாயை மூடிட்டு கண்ணைத் திற” என்றார் வக்கீல்.

அவர் கோர்ட்டுப் படி ஏறுவதை விட்டுப் பல வருடம் ஆகிவிட்டது. கறுப்புக் கோட்டு போய்விட்டது, பெயர் மட்டும் போகவில்லை. இப்போது தொழில் துப்பறிவது. ஊசி அவருடைய உதவியாளர். முன்னாளில் நர்ஸ். ஒரு பெரிய டாக்டரின் தவறை அவர் முகத்துக்கு நேராகச் சொன்னதில் அவளுக்கு வேலை போனது. அன்றிலிருந்து வெள்ளைக் கோட்டைக் கண்டாலே அவளுக்கு நாக்கில் நமைச்சல் எடுக்கும்.

இன்று நமைச்சலுக்குக் காரணமும் இருந்தது. இந்த ஆஸ்பத்திரியின் நோயியல் துறைக்குத் தலைவர்தான் சீஃப். உடம்பிலிருந்து வெட்டி எடுத்த சதையை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, நோய்க்குப் பெயர் சொல்கிற துறை. அங்கே வேலை பார்க்கும் ஜூனியர் டாக்டர் மீது திருட்டுப் பட்டம் கட்டி வீட்டுக்கு அனுப்பியிருந்தார். காணாமல் போனது ஒரு சின்ன டப்பா. உள்ளே சில கண்ணாடி ஸ்லைடுகள், மெழுகில் பதித்த ஒரு துண்டு சதை.

நேற்று அந்தப் பெண் வக்கீலின் அலுவலகத்தில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னது ஊசிக்கு இன்னும் காதில் இருந்தது.

“தைராய்டு கேன்சர்ல பல வகை இருக்கு. இது ரொம்ப அபூர்வமான வகை. மைக்ராஸ்கோப்ல பார்த்தா சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையா தெரியும். நடுநடுவுல செல்லுங்க சுழி சுழியா சுருண்டு கிடக்கும். வர்றது கிட்டத்தட்ட எல்லாமே வயசுப் பொண்ணுங்களுக்குத்தான். ஆம்பளைக்கு வந்ததா உலகத்துலயே விரல் விட்டு எண்ணிடலாம். சீஃப் அப்படி ஒரு ஆம்பளையைக் கண்டுபிடிச்சதா கட்டுரை எழுதினாரு. அதுக்குத்தான் நாளன்னிக்கு விருது.”

“அவருக்கு விருது கிடைச்சா உனக்கு என்னம்மா?” என்றார் வக்கீல்.

“நான் அந்த ஸ்லைடைப் பார்த்தேன் சார். கட்டிக்குப் பக்கத்துல நல்ல சதை கொஞ்சம் ஒட்டியிருந்தது. பொண்ணுங்களுக்கு எக்ஸ் குரோமோசோம் ரெண்டு. ஒண்ணு வேலை செய்யும், இன்னொண்ணு சுருண்டுபோய் செல்லோட உட்கரு ஓரத்துல ஒரு கறுப்புப் புள்ளியா ஒட்டிக்கும். ஆம்பளைக்கு எக்ஸ் ஒண்ணுதான், அதனால புள்ளி கிடையாது. ஒரு செல்லுல பார்த்திருந்தா தூசின்னு விட்டிருப்பேன். பார்க்கற இடமெல்லாம் இருந்தது.”

“அப்போ அந்த ஆம்பளை லேடீஸ் க்யூவுல நிக்கறான்” என்றாள் ஊசி.

ஜூனியர் டாக்டர் சிரிக்கவில்லை. “சிரிக்கற விஷயம் இல்லைக்கா. இந்தக் கட்டி வந்த நிறையப் பேருக்குப் பிறவியிலயே ஒரு ஜீன் பழுதா இருக்கும். அந்தப் பழுது இருந்தா பெருங்குடல் பூரா நூத்துக்கணக்குல மொட்டு மொட்டா முளைக்கும். விட்டு வச்சா நாப்பது வயசுக்குள்ள அதுல ஒண்ணாவது கேன்சரா மாறிடும். முன்னாடியே தெரிஞ்சா குடலை எடுத்துட்டு, ஆயுசு பூரா நல்லா இருக்கலாம். எங்கயோ ஒரு பொண்ணு, தனக்கு ஒண்ணும் இல்லைன்னு நம்பிட்டு நடமாடிட்டு இருக்கா. அந்தச் சதையை ஜீன் டெஸ்டுக்கு அனுப்பலாமான்னு சீஃபைக் கேட்டேன். மறுநாள் டப்பா இல்லை. திருடினது நானாம்.”

யார் அந்தப் பெண்? அந்த ஒற்றைக் கேள்விக்காகத்தான் வக்கீல் இந்த அறையில் வந்து உட்கார்ந்திருந்தார்.

உள் கதவு திறந்தது. சீஃப் துவாலையில் கை துடைத்தபடி வந்தார். நல்ல உயரம், தொளதொள கோட்டு, செதுக்கிய தாடி. அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் அவருடைய சொந்தக் கழிவறை. மைக்ராஸ்கோப் அறையைப் பாதியாக வெட்டித்தான் அதைக் கட்டியிருந்தார்கள். துறையின் டாக்டர்கள் மாடிப்படிக்குப் பக்கத்தில் நடைவழியில் மைக்ராஸ்கோப்பைப் போட்டு உட்கார்ந்திருந்ததை ஊசி வரும்போதே பார்த்து, மனசுக்குள் ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தாள்.

“சீக்கிரம் சொல்லுங்க. நாளைக்கு விழா இருக்கு” என்று சீஃப் நாற்காலியில் அமர்ந்தார். ஜன்னலோரம் அத்தனை இடம் இருக்க, நாற்காலி அந்தக் கதவை ஒட்டிப் போடப்பட்டிருந்தது.

“அந்த நோயாளியை ஒரு தடவை பார்க்க முடியுமா சார்?” என்றார் வக்கீல் பணிவாக. அவர் பணிவாகப் பேசினால் எதிரில் இருப்பவருக்குக் கெட்ட காலம் என்பது ஊசிக்குத் தெரியும்.

“நோயாளி பேரை வெளிய சொல்ற டாக்டரை நீங்க பார்த்திருக்கலாம். நான் அந்த ரகம் இல்லை.”

“ரொம்ப சரி. அவருடைய குடலையாவது பார்த்தாச்சா?”

மேஜை மேல் கலங்கலான தண்ணீர் ஒரு கண்ணாடி டம்ளரில் இருந்தது. அதை எடுத்துக் குடிக்கப் போன சீஃபின் கை ஒரு கணம் நின்றது.

“பார்த்தாச்சு. சுத்தமா இருக்கு. ஒரு நிமிஷம்...” எழுந்து உள்ளே போனார்.

“குடல்னு சொன்னதும் குடல் கலங்கிடுச்சு சார்” என்று ஊசி கிசுகிசுத்தாள். எட்டி டம்ளரை முகர்ந்து, விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். “உப்பும் சர்க்கரையும் போட்ட தண்ணி.”

சீஃப் திரும்பி வந்தபோது குரல் இன்னும் கனமாகியிருந்தது. “அந்தப் பொண்ணு கெட்டிக்காரிதான். ஆனா கெட்டிக்காரத்தனம் வேற, தகுதி வேற. நான் கைதூக்கி விடலைன்னா அவ இன்னும் ரத்தப் புட்டியை எண்ணிட்டு இருந்திருப்பா. பொறாமை. அதான் திருட்டு. போலீஸுக்குப் போகாம இருக்கறது என் பெருந்தன்மை.”

“பெருந்தன்மையும் பெருசாத்தான் இருக்கு” என்றாள் ஊசி, சுவர்ப் படங்களைப் பார்த்தபடி.

“யார் இந்த அம்மா?”

“என் மனசாட்சி” என்றார் வக்கீல். “சம்பளம் கொடுத்து வச்சிருக்கேன்.”

சீஃப் மறுபடியும் எழுந்தார். “போயிட்டு வாங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு உள் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஆஸ்பத்திரி வாசலுக்கு வெளியே, வக்கீலின் பழைய காரின் பின் சீட்டில் ஜூனியர் டாக்டர் நகத்தைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

“ஒரே ஒரு கேள்வி” என்றார் வக்கீல் கார்க் கதவைச் சாத்திக்கொண்டு. “அந்தக் கட்டி உங்க லேபுக்கு எப்படி வந்துச்சு? எந்த வார்டு, யார் கொண்டு வந்தா?”

அவள் யோசித்தாள். “வார்டுல இருந்து வரலை சார். வெளிய ஏதோ கிளினிக்ல ஆபரேஷன். சீஃபே ஜாடியைத் தன் பையில வச்சுக் கொண்டு வந்தாரு. அவரே சதையை வெட்டி மெழுகுல வச்சாரு. எங்களுக்கெல்லாம் ஆச்சரியம். அவரு கத்தி பிடிச்சு நாங்க பார்த்ததே இல்லை. பேனா மூடியைக்கூட யாராவது கழட்டித்தான் கொடுக்கணும்.”

வக்கீல் சாவியைத் திருகாமல் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டிருந்தார்.

“பேனா மூடியைக் கழட்ட மாட்டான். ஆனா ஜாடியைச் சுமந்துட்டு வருவான். அந்த மாதிரி ஆள் யாருக்காக ஜாடி தூக்குவான் ஊசி?”

ஊசி வாயைத் திறந்தாள். நக்கலாக ஏதோ சொல்லத்தான் திறந்தாள். ஆனால் வந்தது வேறு. “ஐயையோ. வீட்டு ஆளுக்காக.”

“அவருக்கு வீட்டுல யாரு?”

“மனைவி இறந்துட்டாங்க” என்றாள் ஜூனியர் டாக்டர் மெதுவாக. “ஒரு பொண்ணு. பையன் வெளியூர்ல படிக்கிறான். பொண்ணுக்கு அடுத்த மாசம் கல்யாணம்.”

வீடு அமைதியான ஒரு தெருவின் கோடியில் இருந்தது. கதவைத் திறந்த மகளுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். கட்டட வரைபடம் போடுகிறவள். கூடத்து மேஜை முழுக்கத் தாளும் அளவுகோலும், அட்டையில் செய்த குட்டி வீடும் இருந்தன. வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. அவளோ கழுத்து வரை பட்டன் போட்ட சட்டையில் இருந்தாள்.

ஜூனியர் டாக்டரை அவளுக்குத் தெரிந்திருந்தது. அப்பாவின் துறை ஆட்கள் என்றதும் உட்காரச் சொன்னாள். மூன்று பேருக்கு டீ கொண்டு வந்தாள். தனக்கு எடுத்துக்கொள்ளவில்லை.

“நீங்க குடிக்கலையா?” என்றாள் ஊசி.

“காலைல மாத்திரை போட மறந்துட்டேன். இப்பதான் போட்டேன். கொஞ்ச நேரத்துக்கு ஒண்ணும் சாப்பிடக் கூடாது.”

“தைராய்டு மாத்திரை.”

மகள் கை தானாகக் கழுத்துக்குப் போனது. “எப்படிக் கண்டுபிடிச்சீங்க? சின்னதா ஒரு கட்டி வந்துச்சு. அப்பாவே பார்த்துட்டு சாதாரணக் கட்டிதான்னாரு. அவரோட ஃப்ரெண்ட் கிளினிக்லதான் ஆபரேஷன்.”

“பாதி சுரப்பியை எடுத்தாங்களா, முழுசாவா?”

“முழுசா.”

ஊசி டீ டம்ளரைக் கீழே வைத்தாள். “ஒண்ணுமில்லாத கட்டிக்கு முழுசா எடுக்கறதுன்னா, கொசு கடிச்சதுக்குக் கையை வெட்டின மாதிரி இருக்கேம்மா.”

மகள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஜூனியர் டாக்டர் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். நேற்று அழுதுகொண்டு சொன்னதையே இன்று அழாமல் சொன்னாள். சல்லடை ஓட்டைகளை, ஓரத்துக் கறுப்புப் புள்ளியை, குடல் மொட்டுகளை, அந்தப் பழுது பெற்றவரிடமிருந்து பிள்ளைக்கு இறங்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருப்பதை. எதையும் பெரிதாக்கவில்லை, எதையும் மறைக்கவும் இல்லை. முடிந்ததும் மகள் அட்டை வீட்டின் கூரையைக் கழற்றினாள், மறுபடி மாட்டினாள்.

வாசலில் கார் வேகமாக வந்து நின்றது. ஜூனியர் டாக்டரோடு இவர்கள் கிளம்பியதை ஆஸ்பத்திரி வாசலில் யாரோ போட்டுக் கொடுத்திருக்க வேண்டும். சீஃப் தோல் பையோடு உள்ளே வந்தார்.

“வெளிய போங்க! என் வீட்டுக்குள்ள வர யார் உங்களுக்கு...”

“அப்பா” என்றாள் மகள். “அந்த ஆம்பளை நான்தானா?”

சீஃப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் வக்கீல் எழுந்தார்.

“டப்பா அந்தப் பையில இருக்கு. தூக்கி எறிய மனசு வந்திருக்காது. நாளைக்கு மேடையில யாராவது ஆதாரம் கேட்டா காட்டணுமே. பொண்ணுன்னு எழுதியிருந்தா எந்தப் பொண்ணுன்னு நாலு பேர் தேடியிருப்பாங்க. அதனால ஆம்பளைன்னு முகமூடி போட்டீங்க. அந்த முகமூடிக்கே விருது கொடுக்கறேன்னு ஊரு வந்து நின்னா, வேணாம்னு சொல்ல உங்களுக்கு நாக்கு வரலை. அப்புறம் உங்ககிட்ட வேலை பார்க்கற பொண்ணு வாலைப் பிடிச்சதும், அவ தலையில திருட்டைக் கட்டினீங்க.”

சீஃப் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்தத் தாடிக்குள்ளிருந்து அப்போது ஒரு புதுக் குரல் வந்தது. ஈரமான, தகப்பன் குரல்.

“உனக்காகத்தாம்மா. கல்யாணம் நிச்சயமாயிருக்கு. ஜீன்ல கோளாறுன்னு தெரிஞ்சா அந்த வீட்டுல என்ன சொல்லுவாங்க? கல்யாணம் முடியட்டும், அப்புறம் நானே குடலைப் பார்த்து எல்லாத்தையும் சரி பண்ணிடலாம்னு இருந்தேன். அப்பா உனக்குக் கெடுதல் பண்ணுவேனா?”

மகளின் கண் நிறைந்தது. ஊசிக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. இந்தப் பெண் மன்னித்துவிடப் போகிறாள் என்று தோன்றியது. இப்படிப்பட்ட ஆட்கள் பிழைத்துப் போவதே மற்றவர்களின் நல்ல மனசால்தான்.

“இது எங்கிருந்துப்பா எனக்கு வந்துச்சு?” என்றாள் மகள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

“உங்க அம்மா பக்கம்தான் இருக்கணும். அவங்க ஆளுங்க எப்பவும் நோஞ்சான். பாவம், அவளை என்ன சொல்றது.”

“த்தூ” என்றாள் ஊசி. அடக்க முடியவில்லை.

வக்கீல் அவளை அதட்டவில்லை. மகள் பக்கம் திரும்பினார். “உங்க அப்பா சட்டை இல்லாம நீங்க எப்பவாவது பார்த்திருக்கீங்களாம்மா?”

“என்ன கேள்வி சார் இது?”

“பதில் சொல்லுங்க.”

அவள் யோசித்தாள். “இல்லை. கடலுக்குப் போனாக்கூட நாங்கதான் தண்ணியில இறங்குவோம். அவரு கரையில சட்டையோடயே நிப்பாரு.”

“நீங்க சின்னப் பிள்ளையா இருக்கறப்ப ரொம்ப நாள் எங்கயாவது போயிருந்தாரா?”

“நான் ஸ்கூல் சேர்ந்த வருஷம். மேல்படிப்புக்குன்னு வெளிநாடு போனாரு. இளைச்சுத் துரும்பா திரும்பி வந்தாரு. சாப்பாடு ஒத்துக்கலைன்னு அம்மா சொல்லுவாங்க.”

“சாப்பாடு ஒத்துக்காம இல்லை. பெருங்குடலை எடுத்துட்டா ஆளு அப்படித்தான் ஆகும்” என்றார் வக்கீல். “வயித்துல ஆபரேஷன் தழும்பு இருக்கும், அதான் சட்டையைக் கழட்டலை. பெருங்குடல் இல்லாதவனுக்கு உடம்புல தண்ணி நிக்காது, உப்புத்தண்ணி வேணும். அடிக்கடி உள்ள போகணும், அதுக்கு நாற்காலி கதவோரமா இருக்கணும். டாக்டருங்களை நடைவழிக்குத் துரத்திட்டுத் தனக்குன்னு ஒண்ணு கட்டிக்கணும். காலைல ரெண்டு தடவை எழுந்து போனப்ப பயந்துட்டாருன்னு நினைச்சேன். பயந்தவன் வேர்ப்பான். இவருக்கு நெத்தியில ஒரு சொட்டு வேர்வை இல்லை. உங்க அம்மா பாவம், ஒண்ணும் தெரியாமலேயே போய்ச் சேர்ந்துட்டாங்க. அந்த ஜீன் இவரோடது.”

“அபாண்டம்!” சீஃப் மேஜையைத் தட்டினார். “என் தகுதி என்ன, நீ என்ன! இந்தத் துறையை உண்டாக்கினவன் நான். என்னைப் பார்த்து ஒரு ஓட்டைக் கார்காரன்...”

பேச்சு நடுவில் நின்றது. முகம் சுருங்கியது. கை வயிற்றைப் பிடித்தது. யாரையும் பார்க்காமல் எழுந்து, நடையும் ஓட்டமுமாகக் கூடத்தைத் தாண்டிக் கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார்.

ஊசிக்குச் சொல்ல வேண்டிய வேடிக்கைப் பேச்சு நாக்கு நுனியில்தான் இருந்தது. விழுங்கிவிட்டாள். நோயைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்று நர்ஸ் வேலையில் கற்றது இன்னும் போகவில்லை. அவளுக்கு அருவருப்பாக இருந்தது அந்த நோய் இல்லை. தன் உயிரைக் காப்பாற்றிய கத்தி தன் பிள்ளைகளுக்கும் தேவைப்படலாம் என்று தெரிந்தும், இருபது வருடம் படத்துக்குச் சிரித்துக்கொண்டு நின்ற அந்த முகம்தான்.

மகள் தோல் பையைத் திறந்தாள். டப்பாவை எடுத்து ஜூனியர் டாக்டரின் கையில் வைத்தாள். “இது உங்க லேபுக்குச் சேர வேண்டியது. நீங்க திருடலைன்னு என் வாயாலயே எல்லார்கிட்டயும் சொல்றேன். குடலைப் பார்க்கற டெஸ்டுக்கு என்னை எப்ப வரச் சொல்றீங்க?”

“நாளைக்கே ஏற்பாடு பண்றேன்.”

“கல்யாணம்?” என்றாள் ஊசி.

“அவர்கிட்ட இன்னிக்கே சொல்லிடுவேன். இதைக் கேட்டு ஓடறவரா இருந்தா இப்பவே ஓடட்டும்.” சொல்லிக்கொண்டே இருந்தவள் சட்டென்று நின்றாள். “பிள்ளைக்குப் பாதிக்குப் பாதின்னு சொன்னீங்கல்ல? ஒவ்வொரு பிள்ளைக்குமா?”

ஜூனியர் டாக்டர் தலையசைத்தாள்.

மகள் செல்போனை எடுத்தாள். அவசரத்தில் முதல் தடவை தப்பான எண்ணுக்குப் போனது. இரண்டாவது தடவை எடுத்தார்கள். எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

“என்னக்கா, கிளாஸ்ல இருக்கேன்” என்றது ஓர் இளம் குரல்.

“டேய், உனக்கு வெளிக்குப் போறப்ப ரத்தம் வருதுன்னு அப்பாகிட்ட சொன்னியே. நின்னுடுச்சா?”

“இல்லைக்கா. அப்பா மூலம்னு சொல்லி ஒரு களிம்பு அனுப்பினாரு. போட்டுட்டுத்தான் இருக்கேன். இப்ப கொஞ்சம் ஜாஸ்திதான். ஏன்?”

ஊசி கழிவறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார்.

தாழ் விலகும் சத்தம் கேட்டது. முகம் கழுவி, தாடியைச் சீர் செய்து, மறுபடி சீஃபாகி வெளியே வந்தார். கூடத்தில் நின்றுகொண்டிருந்த நாலு பேரையும், நடுவில் மகள் நீட்டிய போனையும் பார்த்தார். போனிலிருந்து “அக்கா? லைன்ல இருக்கியா?” என்ற குரல் வந்தது.

“அவன்கிட்ட நீங்களே சொல்லுங்க” என்றாள் மகள். “டாக்டரா பேசாதீங்கப்பா. நோயாளியா பேசுங்க.”

அவர் போனை வாங்கிக்கொண்டார். உட்கார இடம் தேடுகிறவர் போல அக்கம்பக்கம் பார்த்தார். யாரும் நாற்காலியை நகர்த்திப் போடவில்லை.

“கண்ணா” என்றார். அந்தக் குரலில் கேடயமும் பூங்கொத்தும் இல்லை. “அந்தக் களிம்பைத் தூக்கிப் போடு. எனக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சது.”